குரலைத் தடிப்பாக்க மருந்து உண்டா?

கேள்வி: ஐயா, நான் மாங்குளம், வயது 27. எங்கள் விளையாட்டுக்கழகப் போட்டிகளுக்கு நான்தான் அறிவிப்பாளர். ஒலிப்பதிவில் என் குரலைக் கேட்டால் எனக்கே பிடிக்கவில்லை, மெல்லிசாகக் கிடக்கிறது. அதனால் தடிப்பான குரலில் கதைத்துப் பழகுகிறேன். பின்னேரமானால் தொண்டை கட்டிவிடுகிறது. இஞ்சியும் பனங்கற்கண்டும் குடித்தும் பலனில்லை. ஏதும் மருந்து உண்டா?

பதில்: மருந்து இல்லை, தம்பி. உங்கள் தொண்டையைக் கட்டவைப்பதே அந்தத் தடிப்புக் குரல்தான், முதலில் அதை விடுங்கள்.

ஒலிப்பதிவில் தன் குரல் மெல்லிசாகக் கேட்பது எல்லோருக்கும் உள்ளதுதான். நாம் கதைக்கும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நம் காதுக்குப் போகிறது, எலும்பு வழியே வருவதில் கனம் கூட, பதிவில் அது இல்லை. ஊர்ச்சனம் இவ்வளவு நாளும் கேட்டது அந்த மெல்லிசுக் குரலைத்தான், கேட்டும் மைக்கை உங்களிடம்தானே தருகிறார்கள்!

கதைக்கும்போது ஆணின் குரல்நாண்கள் செக்கனுக்குச் சுமார் 100 முதல் 130 தடவை அதிரும். நாணின் நீளமும் தடிப்பும் உடம்போடு வந்தவை. நாடியை நெஞ்சோடு அமர்த்தி, கழுத்து நரம்பு புடைக்கக் குரலைக் கீழே இறக்கினால் நாண்கள் ஒன்றோடொன்று உரசி வீங்கும், நாளடைவில் காய்ப்பும் விழும். நீங்கள் குடிக்கிற இஞ்சிச்சாறு அங்கே படுவதே இல்லை, விழுங்கும்போது மூச்சுக்குழல் மூடிக்கொள்ளும். தண்ணீரும் அப்படித்தான், உடம்பில் ஊறித்தான் போய்ச் சேரும், ஆகவே போட்டியன்று காலையிலிருந்தே குடித்துவாருங்கள். சோளகம் அடிக்கிற மாதங்களில் மைதானப் புழுதிக்குள் நிற்பவருக்கு இது இன்னும் முக்கியம்.

பயிற்சி ஒன்று சொல்கிறேன். அரைக் கிளாஸ் தண்ணீரில் ஸ்ட்ரோவை இரண்டு விரல் அகலத்துக்கு அமிழ்த்தி, அதற்குள் 'ஊ' என்று குரல்கொடுத்துக் குமிழி விடுங்கள், மெல்ல மேலே ஏற்றிக் கீழே இறக்குங்கள், ஐந்து நிமிடம் போதும். கன்னமும் உதடும் லேசாக அதிர வேண்டும், தொண்டையில் இறுக்கம் தெரிந்தால் அழுத்துகிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம், மூச்சு முடிகிற இடத்துக்கு முன்பே வசனத்தை முடியுங்கள், அறிவிப்பாளர்களில் முக்கால்வாசிப் பேர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். மைக்கை வாய்க்கு நாலு விரல் தூரத்தில் பிடித்தால் கத்தத் தேவையில்லை. செருமாதீர்கள், எச்சிலை விழுங்குங்கள்.

பதின்ம வயதில் குரல் உடையவே இல்லை, தொலைபேசியில் உங்களைப் பொம்பிளை என்றே நினைக்கிறார்கள் என்றால் அது வேறு சங்கதி. பேச்சுச் சிகிச்சையாளரிடம் போனால் பெரும்பாலும் சரியாகிவிடும், வெட்கப்பட ஒன்றுமில்லை.

குரல்கட்டு மூன்று வாரம் தாண்டினால் மாவட்ட வைத்தியசாலையில் காட்டி, காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குத் துண்டு வாங்கிப் போங்கள், குழாய்க் கமராவை விட்டு நாணைப் பார்ப்பார்கள். சிகரெட்டோ, வெற்றிலையோடு புகையிலையோ பழக்கம் இருந்தால் அதை அங்கே மறைக்காதீர்கள்.