தொட்டிக்குள் என்ன குறை? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். ஆண்டிறுதிச் சுற்றுலாவுக்கு ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளைச் சிங்கப்பூர் செந்தோசாவுக்கு அழைத்துப்போய் டால்பின் காட்டுவதாக ஏற்பாடு. முன்பணமும் கட்டிவிட்டோம். சக ஆசிரியர் ஒருவர், “அடைத்துவைத்த பிராணியைக் காட்டி என்ன கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள்?” என்று கேட்டதிலிருந்து ஒரே குழப்பம். வேளாவேளைக்கு மீன், நோய் வந்தால் வைத்தியர், சுறா பயமில்லை, வலை பயமில்லை. முகத்தில்கூடச் சிரிப்பு இருக்கிறது. அப்படி என்னதான் குறை? அப்படியே குறை என்றாலும், கடலில் விட்டுவிட வேண்டியதுதானே? பிள்ளைகளை அழைத்துப் போகலாமா, வேண்டாமா?

ஓர் ஆசிரியை, சுங்கை சிப்புட்

அன்புள்ள டீச்சர்,

அந்தச் சிரிப்பை முதலில் ஒதுக்கிவிடுவோம். டால்பினின் வாய் அமைப்பே அப்படி. செத்துக் கரை ஒதுங்கினாலும் அதே சிரிப்புதான். பிள்ளைகளுக்கு அறிவியல் பாடம் எடுப்பவர் இதை எழுதலாமா? தொட்டியின் அளவைப் பற்றியும் பேசப்போவதில்லை. டால்பின் குடும்பத்திலேயே மிகப் பெரியதான ஓர்கா ஒரே நாளில் 100 கிலோமீட்டருக்கு மேல் நீந்தக்கூடியது. அதற்கு எவன் தொட்டி கட்டமுடியும்? வைத்தியர் இருக்கிறார் என்கிறீர்கள். செந்தோசாவுக்கென்று சாலமன் தீவுகளிலிருந்து வாங்கப்பட்ட டால்பின்கள் 27. அவற்றில் 2, நம் லங்காவியில் வைத்திருந்தபோது 2010-இல் கிருமித்தொற்றில் இறந்தன. இன்னொன்று 2012-இல் சிங்கப்பூருக்குக் கொண்டுவரும் வழியில் விமானத்திலேயே செத்தது. அவற்றுக்கும் வைத்தியர்கள் இருந்தார்கள்.

நான் இந்தப் பதிலை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் உங்கள் ‘என்னதான் குறை’. ரப்பர் தோட்டத்தில் அந்தப் பட்டியலைக் கேட்டே வளர்ந்தவன் நான். வீடு தோட்டத்தது, வாடகை இல்லை. தண்ணீர் தோட்டத்தது. ஆஸ்பத்திரி, கோயில், குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயக்கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள்ளேயே. பட்டணத்துச் சொந்தக்காரர்கள் வந்தால், “உங்களுக்கு என்னப்பா குறை” என்றுதான் பேச்சையே ஆரம்பிப்பார்கள். எங்கள் தாத்தாவும் அதற்குத் தலையாட்டுவார். மானேஜரும் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளுக்கே, லயத்துக்கே வந்து கைகொடுத்துவிட்டுப் போவார்.

தாத்தாவுக்கு 55 வயது ஆனது. வேலை முடிந்தது, வீட்டைக் காலி செய்யச் சொல்லி ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. பிறந்ததும் அந்த லயத்தில்தான்; எங்கே போவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்பா பட்டணத்தில் மலிவு விலை வீடு ஒன்றை வாடகைக்குப் பிடித்தார். லயத்துக் குழாயில் காலையிலும் மாலையிலும்தான் தண்ணீர் வரும். புது வீட்டிலோ எந்நேரமும் வந்தது. தாத்தா அதை நம்பவே இல்லை. விடியற்காலை நாலு மணிக்கு எழுந்து வாளி, பானை, மைலோ டின் என்று கிடைத்ததையெல்லாம் நிரப்பி வாசல்வரை வரிசையாக வைத்துவிடுவார். இருட்டில் நாங்கள் அவற்றில் இடறி விழுவோம்.

தண்ணீர் பில் வந்தால் பிரிக்காமல் முருகன் படத்துக்குப் பின்னால் சொருகிவைப்பார். காகிதம் என்று வந்தால் அதைத் தோட்டத்து ஆபீஸ் குமாஸ்தா, கிராணி பார்த்துக்கொள்வார் என்பது அவர் கணக்கு. அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருந்த சமயம் குழாயை வெட்டிவிட்டார்கள். தாத்தா படத்துக்குப் பின்னாலிருந்த பில்களை எல்லாம் எடுத்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு சைக்கிளில் கிளம்பினார். எங்கே தெரியுமா? பழைய தோட்டத்துக்கு, கிராணியைத் தேடி. புலி நடமாடும் ரப்பர் மர நிரையில் இருட்டோடு இருட்டாகத் தனியாகப் போய் மரம் சீவிய மனிதர் டீச்சர் அவர். பயந்தவர் இல்லை, முட்டாளும் இல்லை.

தோட்டத்து மனிதனை மீனோடு ஒப்பிடுகிறானே என்று நாளைக்கே ஒருவர் எழுதுவார். எழுதட்டும். டால்பின் மீன் இல்லை என்பதையாவது அவர் முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

கடலில் விட்டுவிட வேண்டியதுதானே என்று எவ்வளவு சுலபமாகக் கேட்டுவிட்டீர்கள்! விட்டுப் பார்த்தார்கள். கெய்கோ என்ற ஓர்காவை ஐஸ்லாந்துக் கடலில் பிடித்தது 1979-இல். தொட்டிகளில் வளர்ந்து, சினிமாவில் நடித்து, உலகமே பணம் சேர்த்துக் கொடுத்து, பல வருடம் பழக்கி, 2002-இல் கடலில் விட்டார்கள். அது நார்வே வரைக்கும் நீந்திப் போய் மனிதர்கள் இருக்கும் கரையாகப் பார்த்து ஒதுங்கியது. ஊர்ப் பிள்ளைகள் அதன் முதுகில் ஏறி விளையாடினார்கள். கூட இருந்து மீன் போட ஆட்கள் தேவைப்பட்டார்கள். 2003 டிசம்பரில் செத்துப்போனது. இதைப் படித்தபோது எனக்குச் சட்டைப்பையில் பில்களோடு போன தாத்தாதான் நினைவுக்கு வந்தார்.

லோலிட்டா என்று இன்னொரு ஓர்கா. 1970-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலக் கடலில் பிடித்து, மயாமியில் 50 வருடத்துக்கு மேல் வித்தை காட்ட வைத்தார்கள். 2022-இல் ஓய்வு. பிறந்த கடலுக்கே திருப்பி அனுப்புகிறோம் என்று 2023-இல் அறிவித்தார்கள். அந்த ஆகஸ்டிலேயே அதே தொட்டியில் செத்தது.

2016-இல் அமெரிக்காவில் ஓர்காக்களை வைத்துக் காட்சி நடத்தும் சீவேர்ல்டு நிறுவனம், இனிமேல் ஓர்காக்களை இனப்பெருக்கம் செய்யவைக்க மாட்டோம் என்றது. இருப்பவற்றைக் கடலில் விட மறுத்துவிட்டது. விட்டால் பிழைக்காது என்பது அவர்கள் சொன்ன காரணம். உண்மைதான், பிழைக்காது. பிழைக்கத் தெரியாமல் ஆக்கியது யார்? பயிற்சியாளர்கள் அந்தப் பிராணிகள்மேல் உயிரையே வைத்திருப்பவர்கள், சந்தேகமே இல்லை. எங்கள் மானேஜரும் தாத்தாவுக்குக் கைகொடுத்துத்தான் வழியனுப்பினார். நன்றாகக் கவனிக்கிறார்களா என்பதையே திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். நாளைக்குக் காட்சி நின்றால் அந்த டால்பின் எங்கே போகும் என்று ஒருமுறையாவது கேட்டீர்களா? நீங்கள் இருக்கும் ஊர் சுங்கை சிப்புட் என்பதால்தான் எனக்குக் கோபமே வருகிறது. தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது தொழிலாளர்களுக்காக இந்தக் கேள்வியைக் கேட்டவர் உங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியர்களின் அரசியல் தலைவராக இருந்த துன் சம்பந்தன். தொழிலாளர்களிடமே பங்குப்பணம் திரட்டித் தோட்டம் வாங்க 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை ஆரம்பித்தார். வரலாற்றுப் பாடத்தில் இதைச் சொல்கிறீர்களா இல்லையா?

சரி, உங்கள் சுற்றுலா. போகவேண்டாம். முன்பணம் திரும்பாது என்று ஏஜெண்ட் சொல்வார். பெற்றோர் ஆசிரியர் சங்கத் தலைவரை அனுப்பிப் பேசச் சொல்லுங்கள். தைப்பிங்கைத் தாண்டினால் கோலா செபெத்தாங். அங்கே ஆற்றிலிருந்து படகு கிளம்பி, சதுப்புக்காட்டைத் தாண்டி ஆற்றுமுகத்துக்குப் போகும். அந்தக் கரையோரக் கடலில் டால்பின்கள் இருக்கின்றன. செலவு சிங்கப்பூர் பயணத்தில் பாதிகூட ஆகாது. டால்பின் வராமலும் போகலாம். அதைப் படகு ஏறுவதற்கு முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். கொசு மருந்து எடுத்துப் போக மறக்காதீர்கள்.

அன்புடன்.