நோச்சினோ மதுவுக்கான பச்சை வால்நட்டை ஜூன் 24 அன்றுதான் பறிக்க வேண்டுமா, அல்லது அது வெறும் மூடநம்பிக்கையா?

கேட்டவர் இத்தாலிக்குப் புதிதாகக் குடிவந்தவர் என்றும், அவர் வீட்டுப் பின்புறம் ஒரு வால்நட் மரமும் பக்கத்து வீட்டில் தேதியை விட்டுக்கொடுக்காத ஒரு பாட்டியும் இருக்கிறார்கள் என்றும் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ‘மூடநம்பிக்கை’ என்ற சொல்தான் என்னை இங்கே இழுத்து வந்தது. அதே சொல்லைச் சொல்லிச் சிரித்துவிட்டு, மூன்று மாதம் கழித்து ஒரு ஜாடி மதுவைச் சாக்கடையில் ஊற்றியவன் நான். குடிப் பழக்கத்துக்குக் கொடி பிடிக்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். விருந்துச் சாப்பாட்டுக்குப் பிறகு விரற்கடை அளவு அருந்தும் ஒரு கசப்பான கறுப்புத் திரவத்தைப் பற்றி மட்டுமே பேசுகிறேன்.

மோடெனா நகரத்துக்கு வெளியே ஒரு கிராமத்தில், வயதான ஓர் அம்மையாரின் வீட்டு மாடியில் வாடகைக்கு இருந்தேன். அந்தப் பகுதியில் நோச்சினோ வெறும் மது அல்ல, வீட்டுக்கு வீடு கைப்பக்குவம் மாறும் ஊறுகாயைப் போன்றது. பக்கத்து ஊரான ஸ்பிலம்பெர்த்தோவில் 1978 முதல் இதற்கென்றே ஒரு சங்கம் இருக்கிறது. வீட்டில் செய்தவற்றைச் சுவைத்துப் பார்த்துப் போட்டியும் நடத்துகிறார்கள். சங்கத்தின் செய்முறைப்படி 95 பாகை, அதாவது 95 விழுக்காடு, ஆல்கஹால் ஒரு லிட்டருக்குப் பச்சை வால்நட் ஒரு கிலோ, அதாவது 33 முதல் 35 காய்கள், சர்க்கரை 700 முதல் 900 கிராம், விரும்பினால் பெயரளவுக்குக் கிராம்பும் பட்டையும். வாசனைப் பொருட்களின் மணம் காயின் மணத்தை மிஞ்சிவிடக் கூடாது.

இனி உங்கள் கேள்விக்குரிய தேதி. ஜூன் 24 திருமுழுக்கு யோவானின் பிறப்புப் பெருவிழா. ஆண்டின் மிக நீண்ட பகலை ஒட்டி வருவது. அதற்கு முந்தைய இரவில் விழும் பனிநீருக்கு நோய் தீர்க்கும் குணம் உண்டு என்பது பழைய நம்பிக்கை. அந்த இரவில் பெண்கள் வெறுங்காலுடன் மரமேறி, இரும்பு படாமல், கையாலேயே, ஒற்றைப்படை எண்ணிக்கையில் காய்களைப் பறித்து, விடியும்வரை பனியில் கிடத்த வேண்டும் என்பார்கள். வால்நட் மரத்துக்கே அங்கே ஒரு மாதிரியான பெயர்தான். தெற்கே பெனவெந்தோ நகரத்தில் சூனியக்காரிகள் கூடி ஆடியது ஒரு வால்நட் மரத்தடியில் என்றும், ஏழாம் நூற்றாண்டில் பர்பாத்தோ என்ற கிறிஸ்தவ ஆயர் (பிஷப்) அந்த மரத்தை வெட்டிச் சாய்த்தார் என்றும் கதை இருக்கிறது. அந்த ஊரில் 1860 முதல் தயாராகும், குங்குமப்பூவால் மஞ்சள் நிறம் பெறும் மூலிகை மதுவுக்கு ‘ஸ்த்ரேகா’, அதாவது சூனியக்காரி, என்றே பெயர். வால்நட் நிழலில் தூங்கினால் தலைவலி வரும் என்று என் வீட்டுக்கார அம்மாவும் எச்சரித்ததுண்டு. புளியமரத்தடியில் படுக்காதே என்று கேட்டு வளர்ந்த எனக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

இருந்தும் முதல் ஆண்டு அவர் அழைத்தபோது நான் போகவில்லை. தொழிற்சாலையில் வேலை நெருக்கடி. “மரத்துக்கு நாள்காட்டி தெரியுமா, சிஞ்ஞோரா?” என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. ஜூலை இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை நானே 33 காய்களைப் பறித்துச் சமையலறை மேசையில் வைத்து வெட்டத் தொடங்கினேன். பச்சைத் தோலில் எளிதாக இறங்கிய கத்தி, பாதியில் ‘டக்’ என்று நின்றது. உள்ளே ஓடு முற்றத் தொடங்கியிருந்தது. கத்தியின் முதுகில் சுத்தியலால் தட்டித்தான் நான்காகப் பிளந்தேன். தெளிவாக வடிந்த சாறு சிறிது நேரத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகி, இரவுக்குள் விரல்களும் நகக்கண்களும் தோல் பதனிடுபவரின் கைகளைப் போல ஆகிவிட்டன. எந்தச் சோப்பும் பயன்படவில்லை. மேல்தோல் தானாக உரிந்தால்தான் போகும். அந்த வாரம் காணொளி அழைப்பில் அம்மா முதலில் கேட்டது, “கையில என்னடா அழுக்கு? ஆபீஸ் வேலைன்னுதானே சொன்னே?” என்பதுதான். உண்மையைச் சொன்னேன்; சொல்லியிருக்க வேண்டாம். மகன் வீட்டிலேயே சாராயம் காய்ச்சுகிறான் என்று செய்தி சித்தப்பா வீடுவரை போயிற்று. காய்ச்சவில்லை, ஊறத்தான் வைத்தேன் என்ற வேறுபாட்டை இன்றுவரை அங்கே யாருக்கும் விளக்க முடியவில்லை.

அறுபது நாள் கழித்து வடிகட்டினேன். நன்றாக வந்த நோச்சினோ கசப்பும் இனிப்பும் பிசைந்து, காப்பியின் கரிய நிறத்தில் இருக்கும். என்னுடையதில் மரப்பட்டைக் கஷாயத்தில் சர்க்கரை போட்ட சுவைதான் இருந்தது. வீட்டுக்கார அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, “ஆல்கஹால்தான் வீண்” என்றார். ஓராண்டு வைத்திருந்தால் தேறியிருக்குமே என்று சிலர் சொல்லக்கூடும். அவரும் அப்படித்தான் சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

எனவே தேதிக்குக் காரணம் இருக்கிறது. ஓடு மரமாக முற்றுவதற்கு முன்பு, காய் முழுவதும் இளசாக இருக்கும்போது பறித்தாக வேண்டும்; வட இத்தாலியில் அந்தப் பருவம் பெரும்பாலும் அந்தப் பெருவிழாவை ஒட்டியே அமையும். இரும்பு படக் கூடாது என்பதும் வெற்றுப் பேச்சல்ல. காயில் நிறைந்திருக்கும் துவர்ப்புப் பொருளான டேனின் இரும்போடு சேர்ந்தால் கருநீலமாகும்; பழங்காலத்து எழுதும் மை அப்படித்தான் செய்யப்பட்டது. என் பழைய இரும்புக் கத்தியில் அந்த நிறம் அப்படியே பிடித்திருந்தது. வெறுங்காலுக்கும் ஒற்றைப்படைக்கும் இப்படிப்பட்ட விளக்கம் எதையும் தேட நான் தயாரில்லை. வயிற்றுக்கு நல்லது என்று விற்பவர்களையும் நம்ப வேண்டாம். ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 700 கிராமுக்குக் குறையாமல் சர்க்கரை சேரும் பண்டம் அது.

அடுத்த ஆண்டு ஜூன் 16 அன்று, வெயில் கொளுத்திய காலையில், வீட்டுக்கார அம்மா சட்டைக் காலரில் ஒரு தையல் ஊசியைக் குத்திக்கொண்டு மரத்தடியில் நின்றதைப் பார்த்தேன். ஒரு காயைப் பறித்து, ஊசியை இந்தப் பக்கம் குத்தி அந்தப் பக்கம் எடுத்தார். தடையில்லாமல் போயிற்று. இன்னொன்றில் சற்றே அழுத்த வேண்டியிருந்தது. உடனே கூடையைக் கொண்டுவரச் சொன்னார். இன்னும் எட்டு நாள் இருக்கிறதே என்றேன். இந்த வெயிலில் எட்டு நாளில் ஊசி முறியும் என்றார். இருவருமாக 66 காய்கள் பறித்தோம். அது இரட்டைப்படை என்று நான் சொன்னதும் ஒன்றைத் தூக்கி வேலிக்கு அப்பால் எறிந்தார்.

அந்த ஆண்டுச் சரக்கு இலையுதிர்காலத்தில் வடிகட்டப்பட்டு, ஓராண்டு இருட்டறையில் இருந்து, நான் அங்கிருந்து கிளம்பும்போது ஒரு புட்டியாக என் கைக்கு வந்தது. கழுத்தில் நூலால் கட்டியிருந்த சீட்டில், அவருடைய சாய்ந்த கையெழுத்தில், ‘ஜூன் 24’ என்று இருந்தது.