1148 டமாஸ்கஸ் முற்றுகை ஐந்தே நாளில் முறிந்தது ஏன்?
முக்கியக் காரணம் தண்ணீர். இரண்டாம் சிலுவைப் போரில், ஜூலை 24 அன்று பிரான்ஸின் ஏழாம் லூயி, ஜெர்மனியின் மூன்றாம் கொன்ராட், ஜெருசலேமின் மூன்றாம் பால்ட்வின் என்ற மூன்று கிறிஸ்தவ மன்னர்களும் சிரியாவின் முஸ்லிம் நகரமான டமாஸ்கஸின் மேற்கே இருந்த பழத்தோட்டங்கள் வழியாக நுழைந்தார்கள். பாதையோ குறுகல், இருபுறமும் மண்சுவர், அதன் துளைகளிலிருந்து ஈட்டிக் குத்து. அப்படியும் பரதா ஆற்றங்கரையைப் பிடித்துவிட்டார்கள். குடிக்கத் தண்ணீர், தின்னப் பழம், தடுப்பு கட்ட மரம் எல்லாம் கையில்.

ஜூலை 27 அன்று அதை விட்டுவிட்டுக் கிழக்குச் சமவெளிக்கு மாறினார்கள். அங்கே மதில் பலவீனம் என்ற நம்பிக்கைதான். ஆனால் ஆறும் இல்லை, தோட்டமும் இல்லை. விட்டுவந்த வழியை நகர வீரர்கள் அடைத்துவிட்டார்கள். கைவசம் இருந்த உணவு நீண்ட முற்றுகைக்குப் போதாது. நகரை ஆண்ட உனூர் உதவிக்கு அழைத்த அலெப்போவின் ஆட்சியாளர் நூருத்தீனும் மோசுலின் ஆட்சியாளர் சைபுத்தீனும் படையோடு நெருங்கிக்கொண்டிருந்தார்கள். போதாக்குறைக்கு, இன்னும் பிடிக்காத நகரம் யாருக்கு என்று சிலுவைப் படையின் கூடாரத்துக்குள் தகராறு. மறுநாள் பின்வாங்கினார்கள்; வழிநெடுக அம்பு மழை.

இடம் மாறச் சொன்னவர்கள் லஞ்சம் வாங்கினார்கள் என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. தண்ணீர்க் கணக்கே தோல்வியை விளக்கிவிடும்போது அது அவசியமில்லை. இத்தனைக்கும், முற்றுகைக்கு முன் அலெப்போவுக்குப் பயந்து ஜெருசலேமோடு உடன்பாடு வைத்திருந்த நகரம்தான் டமாஸ்கஸ். 1154இல் அது நூருத்தீன் வசமானது.