முன் பிரேக் லீவரைப் பிடித்து வைத்திருக்க அது மெல்ல உள்ளே போகிறது, ஒயில் கசிவு இல்லை. பழைய மோட்டார் சைக்கிளின் மாஸ்டர் சிலிண்டரை, அதாவது லீவரோடு இருந்து பிரேக் ஒயிலை அழுத்தும் சிலிண்டரை, வீட்டில் திருத்தலாமா?

திருத்தலாம். கசிவில்லாமல் லீவர் தாழ்ந்தால் பிஸ்டனின் முன் றப்பர் கப் தேய்ந்திருக்கும். சிலிண்டர் உடம்பில் பொறித்துள்ள அளவுக்கே கிற் (மாற்றுப் பிஸ்டன், றப்பர்கள் அடங்கிய பொதி) வாங்குங்கள்.

பெற்றோல் தாங்கியை ஈரத்துணியால் மூடுங்கள். பிரேக் ஒயில் பெயின்றைத் தின்னும். வன்னியின் கிறவல் வீதிகளில் ஓடிய வண்டியில் றப்பர் உறைக்குள் செம்மண் இறுகி, பிஸ்டனை உள்ளே நிறுத்தும் வளையமான சேர்க்கிளிப்பைப் பிடித்திருக்கும். கழுவிவிட்டுக் கழற்றுங்கள். சிலிண்டரின் உட்சுவரை நகத்தால் வருடுங்கள். நகம் தட்டுப்படும் குழி இருந்தால் கிற் போட்டும் பயனில்லை, சிலிண்டரையே மாற்றுங்கள். அரத்தாள் போடவே வேண்டாம்.

பலர் தவறவிடுவது இதைத்தான்: ஒயில் கிண்ணத்தின் அடியில் இரண்டு துளைகள் உண்டு. பெரியது கண்ணுக்குத் தெரியும். சிறியது ஊசிமுனை அளவு, சில வண்டிகளில் தகட்டு மூடிக்குக் கீழே இருக்கும். பழைய ஒயில் பிசினாகி அதை அடைத்தால், சூட்டில் விரியும் ஒயில் திரும்ப வழியில்லாமல் ஓட ஓட முன்சில்லு இறுகும். மெல்லிய செப்புக் கம்பி இழை ஒன்றால் குத்தித் திறவுங்கள்.

புது றப்பர்களைப் புது பிரேக் ஒயிலில் நனைத்து, முன் கப்பின் விளிம்பு உள்ளே பார்க்கப் பூட்டுங்கள். கிறீஸ், பெற்றோல் பட்டால் றப்பர் ஊதிவிடும். ஒயில் குழாய்ப் போல்ற்றின் இரண்டு செப்பு வாசர்களையும் புதிதாகப் போடுங்கள். கிண்ண மூடியில் டொட் 4 (பிரேக் ஒயிலின் வகை) என்றிருந்தால் அதையே, முன்பு திறக்காத போத்தலிலிருந்து ஊற்றி, குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். லீவர் இன்னும் பஞ்சுபோல இருந்தால் இரவு முழுக்க அதை இழுத்துக் கட்டி வையுங்கள். காலையில் அவிழ்த்ததும் மிச்சக் குமிழிகள் மேலே வரும்.