டவலை எண்ணியவர்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் பி.பி.ஏ. மூன்றாம் ஆண்டு மாணவன். புராஜெக்டுக்கு 'நீடித்த வணிகமும் வாடிக்கையாளர் மனநிலையும்' என்று தலைப்பு எடுத்து, கூகுள் ஃபார்ம் ஒன்றை நண்பர்களுக்கு அனுப்பினேன். 212 பேர் நிரப்பினார்கள். 'சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாத பொருளுக்குக் கூடுதல் விலை தருவீர்களா?' என்பதற்குப் பெரும்பாலோர் 'ஆம்' என்றிருக்கிறார்கள். முடிவு வந்துவிட்டது, ஆனால் எனக்கே அதில் நம்பிக்கை இல்லை. இளநிலை மாணவன் செய்வதெல்லாம் ஆய்வாகுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்களுக்கே நம்பிக்கை இல்லை என்கிறீர்களே, கடிதத்தில் எனக்குப் பிடித்த வரி அதுதான். அப்படிக் கேட்டால் யார் 'இல்லை' என்பார்கள்? ஃபார்மில் டிக் அடிக்கக் காசா பணமா? நானும் படிக்கும்போது இப்படி ஒரு கேள்வித்தாள் அச்சடித்தேன். கடைசி முப்பதை ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்து நானே நிரப்பினேன். மதிப்பெண் நன்றாகவே வந்தது.

ஹோட்டல் குளியலறைகளில் 'சுற்றுச்சூழலைக் காக்க டவலை மறுபடி பயன்படுத்துங்கள்' என்று ஒரு அட்டை இருக்கும். சுற்றுச்சூழல் மேல் அக்கறை இருப்பதாக நிறுவனங்கள் போடும் வேஷத்துக்கு 'கிரீன்வாஷிங்' என்று பெயர். அந்தச் சொல்லை ஜே வெஸ்டர்வெல்ட் என்ற சூழல் ஆர்வலர் 1986-ல் உருவாக்கியதே இந்த மாதிரி அட்டையைக் கிண்டலடித்துத்தான். அதே அட்டையை வைத்து கோல்ட்ஸ்டைன், சியால்டினி, கிரிஸ்கெவிசியஸ் மூவரும் 2008-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மாற்றியது வாசகத்தை மட்டும்தான். வழக்கமான வாசகத்துக்குச் சுமார் 35 சதவீதம் பேர் டவலை மறுபடி பயன்படுத்தினார்கள். 'இங்கே தங்கியவர்களில் பெரும்பாலோர் அப்படிச் செய்தார்கள்' என்று எழுதியதும் அது 44 ஆனது. யாரிடமும் கருத்துக் கேட்கவில்லை. அறையைச் சுத்தம் செய்பவர்கள் பார்த்துக் குறித்துவைத்தார்கள், அவ்வளவுதான். பிறகு ஜெர்மனியில் இருவர் செய்து பார்த்து 2014-ல் எழுதினார்கள். அங்கே இந்தப் பலன் கிடைக்கவில்லை. அதுவும் ஆய்வுதான்.

இந்த அளவு வேலை உங்களால் முடியாதா என்ன? கல்லூரி கேண்டீனில் அனுமதி வாங்கி, மிச்சமாகும் உணவை இரண்டு வாரம் தினமும் எடை போடுங்கள். அப்புறம் ஓர் அட்டை வைத்து இன்னும் இரண்டு வாரம். எத்தனை பேர் சாப்பிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் எடைக்கு அர்த்தமில்லை.

எடை போடுவது சரிவராது என்றால், ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஐந்து வருட நிலைத்தன்மை அறிக்கைகளை (சுற்றுச்சூழலுக்காக என்ன செய்தோம் என்று நிறுவனமே வெளியிடுவது) எடுத்துக்கொள்ளுங்கள். 'ஒரு டன் உற்பத்திக்கான கார்பன் உமிழ்வு 20 சதவீதம் குறைந்தது' என்று கொட்டை எழுத்தில் இருக்கும். அதே காலத்தில் உற்பத்தி 40 சதவீதம் ஏறியிருந்தால், மொத்த உமிழ்வு 12 சதவீதம் கூடியிருக்கிறது என்று அர்த்தம். ஒப்பிடும் அடிப்படை ஆண்டை நடுவில் மாற்றியிருக்கிறார்களா என்றும் அடிக்குறிப்பில் தேடுங்கள். பொறுமைதான் வேண்டும், பெரிய புள்ளியியல் தேவையில்லை.

அந்த 212 பதில்களைத் தூக்கிப் போட வேண்டாம். கேண்டீனில் சாப்பிடுபவர்களிடம் 'உணவை வீணாக்குவீர்களா?' என்று மட்டும் புதிதாகக் கேட்டு, அவர்கள் சொன்னதைத் தராசு சொன்னதோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தலைப்பை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். கைடு ஒத்துக்கொள்ளாவிட்டால் எழுதுங்கள், என்ன சொல்லிப் பேசலாம் என்று பார்ப்போம்.