கேள்வி - பதில்: "எனக்குப் பொறுமையே இல்லை, ஐயரே!"

லெந்து என்னும் ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக் காலம் முடிகிற சமயம் என்பதாலோ என்னவோ, சபைக் குருவாகிய எனக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் பொறுமையைப் பற்றியவை. அதனால் இந்த இதழை அதற்கே ஒதுக்கிவிட்டேன். குழந்தை ஞானஸ்நானம் பற்றி மூன்று பக்கம் எழுதிக் கேட்டிருக்கும் நாசரேத் அண்ணாச்சி ஒரு மாதம் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். என் மாமியாருக்கு 78 வயது. மறதி நோய் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஒரே கேள்வியை ஒரு மணி நேரத்தில் இருபது தடவை கேட்கிறார்கள். காலையில் பொறுமையாகப் பதில் சொல்கிறேன், சாயங்காலம் கத்திவிடுகிறேன். ராத்திரி படுத்து அழுகிறேன். பொறுமையைத் தாரும் என்று ஜெபித்தால், ஜெபக்குழுவில் ஓர் அக்கா, "அதை மட்டும் கேட்காதே, கேட்டால் கர்த்தர் சோதனையைத்தான் அனுப்புவார்" என்கிறார்கள். உண்மையா?
- ஒரு சகோதரி, தூத்துக்குடி

பதில்: மகளே, முதலில் அந்த அக்காவின் பேச்சைத் தள்ளிவிடுவோம். உபத்திரவம் பொறுமையை உண்டாக்குகிறது என்று பவுல் ரோமருக்கு எழுதினார். அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, பொறுமையைக் கேட்டால் உபத்திரவம் வரும் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். எந்தச் சபைக்குப் போனாலும் இதைச் சொல்ல ஒருவர் இருக்கிறார். மீனைக் கேட்கிற பிள்ளைக்குப் பாம்பைக் கொடுப்பானா என்று கேட்டவர் நம் ஆண்டவர். உங்கள் மாமியாருக்கு மறதி வந்தது நீங்கள் ஜெபிக்க ஆரம்பிக்கும் முன்னால். ஆகவே தைரியமாகக் கேளுங்கள்.

கேட்ட மறுநாள் காலையில் பொறுமை வாசலில் வந்து நிற்கும் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். கலாத்தியர் நிருபம் நீடிய பொறுமையைக் கனி என்கிறது. எங்கள் தேரிக்காட்டுப் பக்கம், "தென்னை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், பனை வைத்தவன் பார்த்துவிட்டுச் சாவான்" என்பார்கள். இந்தக் கனி பனை ஜாதி.

என் வீட்டுக் கதையைச் சொல்கிறேன். என் அப்பா பனையேறி. அவர் இறந்து இருபது வருஷம் கழித்து அம்மாவுக்கு இதே மறதி வந்தது. சாயங்காலம் நாலு மணி ஆனால் திண்ணையில் உட்கார்ந்து, "ஏல, உங்கப்பா பனையெறங்கி வந்தாச்சா?" என்று ஆரம்பிப்பாள். குருவானவன் உண்மையைத்தான் பேச வேண்டும் என்ற நினைப்பில் நான், "அப்பா செத்து இருபது வருஷம் ஆச்சும்மா" என்பேன். அம்மாவுக்கு அது ஒவ்வொரு தடவையும் புதுச் சேதி. நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுவாள். பத்து நிமிஷத்தில் அழுததும் மறந்துபோகும், கேள்வி திரும்ப வரும். ஒரே சாயங்காலத்தில் நாலு தடவை என் தாயை விதவையாக்கியிருக்கிறேன்.

என் மனைவி அடுப்படியிலிருந்து, "இன்னும் காணலியே அத்தை. வந்ததும் கஞ்சி ஊத்துறேன், நீங்க முதல்ல குடிங்க" என்பாள். அம்மா குடித்துவிடுவாள். இது பொய் இல்லையா என்று ஒருநாள் கேட்டேன். "கஞ்சி ஊத்துறது நெசந்தான?" என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போய்விட்டாள். இறையியல் படித்த எனக்கு இன்றுவரை அதற்குப் பதில் தெரியாது. அம்மா அழாமல் தூங்கினாள், அது தெரியும்.

உங்கள் கடிதத்தில் இன்னொன்று கண்ணில் பட்டது. காலையில் பொறுமை இருக்கிறது, சாயங்காலம் இல்லை. இதை ஆவிக்குரிய குறை என்று நான் சொல்லமாட்டேன். தூக்கக் குறை. மறதி நோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் தவிப்பு கூடும். அதே நேரத்தில் உங்களுக்கும் தெம்பு தீர்ந்திருக்கும். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்றபோது கர்த்தர் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. தின்றான், மறுபடி படுத்துத் தூங்கினான். இரண்டாவது தடவையும் தூதன் எழுப்பிச் சாப்பிடத்தான் சொன்னான். பேச்சு எல்லாம் நாற்பது நாள் கழித்து, ஓரேப் மலையில். ஆகவே கணவரையும் நாத்தனாரையும் கூப்பிட்டுப் பேசுங்கள். வாரத்தில் மூன்று நாளாவது நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அவர்களில் ஒருவர் அம்மாவோடு உட்காரட்டும். அவர்களைப் பெற்ற தாய்தானே. அந்த இரண்டு மணி நேரம் ஜெபக்கூட்டத்துக்குப் போகாதீர்கள், படுத்துத் தூங்குங்கள்.

மீதி நாட்களுக்கு என்ன செய்வது? என் அம்மா விடிலியில், அதாவது பதனீர் காய்ச்சும் ஓலைக் குடிசையில், பதனீர் காய்ச்சுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். கொதி ஏற ஏற நுரை பொங்கிச் சட்டியின் விளிம்பைத் தொடும். அதற்காக அடுப்பை அணைக்கமாட்டாள், அணைத்தால் கருப்பட்டி ஏது? இடித்து வைத்திருக்கும் ஆமணக்கு முத்தில் ஒரு சிட்டிகை போடுவாள். நுரை அப்படியே உட்காரும். கொஞ்ச நேரத்தில் மறுபடி எழும்பும், மறுபடி ஒரு சிட்டிகை. சிரட்டையில் ஊற்றுகிற பதம் வரும்வரை இதேதான். கொதிக்கிறதே என்று அவள் ஒருநாளும் சட்டியைத் திட்டிப் பார்த்ததில்லை. உங்களுக்கும் கோபம் எழும்பத்தான் செய்யும். ஒரு மடக்கு தண்ணீரோ, "கர்த்தாவே, இரக்கமாயிரும்" என்று ஒரு மூச்சோ, பின்வாசல் வரை ஒரு நடையோ, உங்கள் சிட்டிகை எது என்று நீங்களே கண்டுபிடியுங்கள். இருபதாவது கேள்விக்கும் வேண்டியிருக்கும், கையில் நிறைய வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார். 11 வருஷம் ஆகிறது. சபை மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். "பொறுத்தார் பூமி ஆள்வார். சிலுவையைச் சும" என்றார். இன்னும் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் ஐயா?
- பெயரும் ஊரும் வேண்டாம்

பதில்: இன்றோடு போதும், மகளே.

பூமி ஆள்வது பழமொழி, வேதவசனம் அல்ல. சிலுவை வேத வார்த்தைதான். அது கிறிஸ்துவின் நிமித்தம் சுமக்கிறது. ஒரு குடிகாரன் கையை ஓங்குவதற்கு வசதி செய்து கொடுப்பதற்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது. பிரதான ஆசாரியனுக்கு முன்னால் சேவகன் ஒருவன் அறைந்தபோது இயேசு வாய்மூடி நிற்கவில்லை. "நான் தகுதியாய்ப் பேசினேனேயாகில், என்னை ஏன் அடிக்கிறாய்" என்று கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரம். மறு கன்னத்தைக் காட்டு என்ற வசனத்தை யாராவது உங்களிடம் நீட்டினால், அதைச் சொன்னவர்தான் இதையும் கேட்டார் என்று சொல்லுங்கள். பவுலும் எருசலேமில் சவுக்கால் அடிக்கக் கட்டப்பட்டபோது ரோமச் சட்டத்தை எடுத்துப் பேசித்தான் தப்பினார்.

நாம் எல்லாவற்றுக்கும் பொறுமை என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு குழப்பிக்கொள்கிறோம். புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் இரண்டு சொற்கள். ஹுப்போமொனே என்றால் பாரத்தின் கீழே நிலைத்து நிற்பது. மக்ரோதுமியா என்றால் சீக்கிரம் மூண்டுவிடாத நீண்ட மனம். கொலோசெயர் 1:11இல் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன, நம் வேதாகமம் பொறுமை, நீடிய சாந்தம் என்று பிரித்தே போட்டிருக்கிறது. அடிபட்டுக்கொண்டு ஊமையாகக் கிட என்ற அர்த்தம் இரண்டிலும் இல்லை. மனைவிகளுக்குக் கீழ்ப்படிதலைச் சொல்கிற 1 பேதுரு 3ஆம் அதிகாரத்தை அந்த மூப்பர் ஏழாம் வசனம் வரை வாசித்திருக்கலாம். மனைவிக்குச் செய்யவேண்டிய கனத்தைச் செய்யாத புருஷனின் ஜெபத்துக்குத் தடை வரும் என்று அங்கே இருக்கிறது.

இனி காரியம். 181 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் போன் செய்யலாம், பெண்களுக்கான உதவி எண். 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் மாவட்டத்தில் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். அவரிடம் மனு கொடுங்கள். அந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அதே சட்டத்தில் உங்களுக்கு உண்டு. உங்கள் தாய்வீட்டாரில் ஒருவருக்காவது இன்றே தெரியட்டும். கணவர் திருந்த வேண்டும் என்று ஜெபிக்கலாம், நானும் ஜெபிக்கிறேன். கை எட்டாத இடத்தில் இருந்துகொண்டு ஜெபியுங்கள்.

கேள்வி: அரசுப் போட்டித் தேர்வுக்கு நாலு வருஷமாகப் படிக்கிறேன். வயது 27. இரண்டு தடவை கட்-ஆஃப்பில் போய்விட்டது. வீட்டில் கேட்டால் "கர்த்தரின் வேளைக்குக் காத்திரு" என்கிறார்கள். புத்தாண்டு ஆராதனையில் எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11. காத்திருப்பதா, விட்டுவிடுவதா?
- சகோதரர், மார்த்தாண்டம்

பதில்: தம்பி, அந்த அட்டையில் அச்சடிக்காமல் விட்டது பத்தாம் வசனம். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்பு என்கிறது. அங்கே சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் அது. "உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன்" என்ற அருமையான வார்த்தை, அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கியவர்களில் பலர் உயிரோடு பார்க்கப்போகாத ஒரு நாளைப் பற்றியது. வாக்குத்தத்த அட்டைகள் மேல் எனக்குக் கொஞ்சம் வருத்தம் உண்டு என்பது இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும்.

அதே கடிதத்தில் ஐந்தாம் வசனத்தைப் பாருங்கள்: வீடுகளைக் கட்டி, குடியிருந்து, தோட்டங்களை நாட்டி, அவைகளின் கனியைச் சாப்பிடுங்கள். காத்திருக்கச் சொன்ன தீர்க்கதரிசி சும்மா உட்காரச் சொல்லவில்லை. கிடைக்கிற வேலையில் சேருங்கள். இன்னும் எத்தனை தடவை எழுதுவது என்று ஓர் எண்ணைத் தாளில் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிடுங்கள். சலிப்பாக இருந்தால் 13ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். இரண்டே வசனத்தில் நாலு தடவை "எதுவரைக்கும்" என்று கேட்கிறான் தாவீது. கேட்கலாம், தப்பில்லை.

கேள்வி: இடுப்பு எலும்பு முறிந்து எட்டு மாதமாகப் படுக்கையில் இருக்கிறேன். முப்பது வருஷம் ஞாயிறு பள்ளி நடத்தினேன். இனி என்னால் யாருக்கு என்ன பிரயோஜனம்?
- 66 வயது வாசகர், களக்காடு

பதில்: அண்ணாச்சி, உங்கள் ஊரிலிருந்து டோனாவூர் ரொம்பத் தூரமில்லை. அங்கே பிள்ளைகளை வளர்த்த எமி கார்மைக்கேல் அம்மையார் 1931இல் தவறி விழுந்தார். அதன்பின் 1951இல் இறக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம், பெரும்பாலும் ஒரே அறைக்குள். அந்த அறையிலிருந்து புத்தகங்கள் எழுதினார், எல்லாரும் சொல்கிற கதை அது. அதைச் சொல்லி உங்களையும் எழுது என்று விரட்ட எனக்கு மனமில்லை. வலியில் கிடக்கிறவனிடம் சாதனை கேட்பது கொடுமை. எனக்குப் பிடித்தது வேறு. தன் கல்லறைக்குப் பெயர்க்கல் வேண்டாம் என்று அவர் சொல்லியிருந்தார். அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி வைத்திருக்கிறார்கள்.

ஒரு வேலை மட்டும் தருகிறேன். முப்பது வருஷத்தில் உங்களிடம் படித்த பிள்ளைகளின் பெயர்களை ஞாபகம் வருகிற வரிசையில் எழுதி எனக்கு அனுப்புங்கள். அவசரமில்லை.

கேள்வி: யோபு உண்மையிலேயே பொறுமைசாலியா? முழுப் புத்தகத்தையும் படித்தால் அப்படித் தெரியவில்லையே!
- கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: 42 அதிகாரத்தையும் படித்ததற்குப் பாராட்டு. பலர் இரண்டாம் அதிகாரத்தோடு நிறுத்திக்கொண்டு பிரசங்க பீடத்தில் ஏறிவிடுகிறார்கள். மூன்றாம் அதிகாரத்திலேயே அவன் பிறந்த நாளைச் சபிக்கிறான். அப்புறம் நண்பர்களோடு சண்டை, தேவனோடு வழக்கு. கடைசியில் கர்த்தர் கோபித்துக்கொண்டது யாரை? பக்குவமாகப் பக்தி பேசிய நண்பர்கள் மூவரை. யாக்கோபு நிருபம் யோபுக்குச் சொல்கிற பொறுமை, மேலே சொன்ன இரண்டு கிரேக்கச் சொற்களில் முதலாவது. கத்தினான், ஆனால் இடத்தை விட்டு நகரவில்லை.

கேள்வி: எல்லாருக்கும் பொறுமையைச் சொல்லிக்கொடுக்கிறீர்களே, ஐயருக்குக் கோபம் வராதா?
- மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள்

பதில்: மூன்று பேரில் ஒருவருடைய கையெழுத்து எனக்குத் தெரியும். நான் முன்பு குருவாக இருந்த சேகரத்து, அதாவது சபை வட்டாரத்து ஆள். தெரிந்தே கேட்கிறார்.

"இவனுக்கு மூக்குமேல கோபம்" என்பாள் அம்மா. கல்லூரியில் எபிரெயு வகுப்பில் யாத்திராகமம் 34:6க்கு வந்தபோது சிரித்துவிட்டேன். "நீடிய சாந்தமுள்ள தேவன்" என்று நாம் படிக்கிற இடத்தில் மூலத்தில் சொல்லுக்குச் சொல் "மூக்கு நீண்டவர்" என்று இருக்கிறது. கோபத்துக்கு இடம் மூக்கு என்பதில் மோசேயும் என் அம்மாவும் ஒத்துப்போகிறார்கள். என் மூக்கு குட்டை. ஏறக்குறைய 1,800 வருஷத்துக்கு முன்னால் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜில் தெர்த்துல்லியன் என்ற ஆதிச்சபை எழுத்தாளர் பொறுமையைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எனக்கே இல்லாத ஒன்றைப் பற்றி எழுதத் துணிகிறேன், நோயாளி ஆரோக்கியத்தைப் புகழ்வது மாதிரி என்று அதன் ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டார். அந்தக் கட்சிதான் நானும்.

அந்தப் பழைய சேகரத்தில் ஒருநாள் கமிட்டிக் கூட்டம். அறுப்பின் பண்டிகைக் கணக்கில் 340 ரூபாய் உதைத்தது. பொருளாளரை ஒரு கேள்வி கேட்டேன், அவர் ஒன்று சொன்னார், நான் கணக்கு நோட்டைத் தூக்கிச் சுவரில் எறிந்தேன். தையல் விட்டுத் தாள்கள் பறந்தன. யாரும் பேசவில்லை. சபையில் போதிக்கிற வயதான உபதேசியார் ஒருவர் குனிந்து ஒவ்வொரு தாளாகப் பொறுக்கினார். வேட்டி முனையால் மண்ணைத் துடைத்து, பக்க எண் பார்த்து அடுக்கினார். அதற்கு ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும், அத்தனை நேரமும் நான் நின்றுகொண்டே இருந்தேன். நோட்டை மேஜைமேல் வைத்துவிட்டு, "ஐயரே, ஜெபிச்சு முடிச்சிருவோமா?" என்றார்.

மறுவாரம் பொருளாளர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். காபி கொடுத்தார். 340 ரூபாய் ரசீது இரண்டு மாதம் கழித்துக் கிடைத்தது, அங்கியைச் சலவைக்குப் போடும்போது, என் பையிலிருந்தே.