உயரக் கிளையில் கழற்றி மாட்டும் ஊஞ்சல்

ஏணி எட்டாத கிளையில் ஊஞ்சல் வேண்டும், கழற்றவும் வேண்டும் என்கிறீர்கள். சரி, மரம் ஏறவே வேண்டாம். மெல்லிய கயிற்றில் சிறு மணல் பையைக் கட்டிக் கிளைக்கு மேலாக வீசுங்கள் (நாலைந்து முறை தவறும்). அதைக்கொண்டு ஊஞ்சல் கயிற்றை மறுபக்கம் இறக்குங்கள். ஒரு முனையில் இறுகாத கண்ணி போட்டு, மறுமுனையை அதற்குள் நுழைத்து இழுத்தால் கண்ணி மேலேறிக் கிளையைப் பிடித்துக்கொள்ளும். இழுக்கும் முன் கண்ணியில் தரைவரை எட்டும் மெல்லிய கயிறு ஒன்றைக் கட்டுங்கள். கழற்ற அதை இழுத்தால் போதும். இதை மறந்துவிட்டு நான் ஒரு கயிற்றை மரத்துக்கே தானம் கொடுத்தேன்! கழற்றுவதற்கான அந்த மெல்லிய கயிறு தொங்கினால் குழந்தைகளின் கழுத்தில் சுற்றும், அடிமரத்தில் கட்டிவையுங்கள். கயிறு பாலியெஸ்டராக இருக்கட்டும், நைலான் இழுபடும். அப்புறம், பட்டுப்போன கிளை வேண்டவே வேண்டாம்.